கயிற்றைத் தொட்டவர் பங்கு

நான் இருக்கும் ஊரில் மீனுக்குத் தலை இல்லை. சைக்கிளில் ஏறினால் ஆறு நிமிடத்தில் கடல். காற்று திரும்பினால் சமையலறை வரைக்கும் உப்பு வாசம் வரும். அப்படிப்பட்ட ஊரின் சுப்பர்மார்க்கெட்டில் மீன் வெள்ளைத் தட்டில் துண்டு துண்டாகப் படுத்து, மேலே கண்ணாடித்தாள் போர்த்திக்கொண்டிருக்கிறது. தலை வேண்டுமென்றால் குனிந்து தேட வேண்டும். அடித்தட்டின் மூலையில் தலைகளை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் அடைத்து வைத்திருப்பார்கள். எந்தத் தலை எந்த உடம்புக்குரியது என்று விசாரிக்க ஆளில்லை. இது தெரியாத முதல் வாரத்தில், பாஷையும் சரியாக வராத நிலையில், கடை ஊழியர் ஒருவரிடம் மீனைக் காட்டி, என் தலையைத் தொட்டு, கையை விரித்துக் கேட்டேன். அவர் முகம் முழுக்க இரக்கத்தோடு என்னை அழைத்துப்போய், தலையிடி மாத்திரை அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நிறுத்தினார். இவ்வளவு அன்பாகக் கூட்டிவந்த மனிதரை ஏமாற்றக் கூடாதென்று ஒரு பெட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தேவையும் இருந்தது.

என் சொந்த ஊர் மாம்புரி. புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தால் என் வீட்டைக் கடந்து போயிருப்பீர்கள். ஒரு பக்கம் களப்பு என்ற உப்பங்கழி, மறுபக்கம் பெருங்கடல், நடுவில் தென்னையும் மிளகாய்த் தோட்டமும் நாங்களும். அங்கிருந்து மூன்றரை வருடத்துக்கு முன் யப்பானுக்கு வந்து, தோக்கியோவுக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் ஒரு மணற்கரையோரச் சிற்றூரில், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, தலை வாரிவிடுவது, சொன்ன கதையையே சொன்னாலும் புதிதாகக் கேட்பது எல்லாம் என் வேலை. என் பொறுப்பில் ஹாருசான் என்று தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். குமரியாக இருந்த காலத்தில் இந்தக் கரையில் வலை இழுத்தவர். இப்போது ஞாபகம் நிற்பதில்லை. தினமும் காலையில் என்னைப் புதிதாகப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: “நீ எந்தக் கடற்கரை?” அவர் கணக்கில் உலகத்தில் எல்லோரும் ஏதோவொரு கடற்கரைக்காரர். நான் “ஸ்ரீலங்கா” என்பேன். அடுத்த ரயில் நிலையத்தின் பெயரைச் சொன்னதுபோல் தலையாட்டுவார். “தூரமோ?” “கொஞ்சம்.” அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் மீண்டும் முதலிலிருந்து.

இந்த வருடம் இளவேனிலில் நான் பராமரிப்பாளர் பரீட்சையில் சித்தியடைந்தேன். இந்த நாட்டில் அது சின்னக் காரியம் இல்லை என்று என்னைப் போல் வெளிநாட்டில் சோதனை எழுதியவர்களுக்குத் தெரியும். சித்தியடைந்தவருக்கு விசா மாறும். விசா மாறினால் கணவனைக் கூப்பிடலாம். எனக்குக் கலியாணமாகி ஐந்து வருடம். அதில் மூன்றரை வருடம் தொலைபேசியில் போனது. பிள்ளை பெறுவதற்குப் புருஷனும் பெண்சாதியும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது என் மாமியின் வாதம். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் என் கணவர் யூட், கரைவலைக்காரர். தகப்பன் வழியில் வந்த வலையைத் தம்பியோடு சேர்ந்து வைத்திருக்கிறார். “வாங்க” என்றால் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்றன்” என்றார். அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால், பாடுபட்டுப் படித்ததையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நான் திரும்ப வேண்டும். அல்லது இன்னும் மூன்றரை வருடம் தொலைபேசியில் குடும்பம் நடத்த வேண்டும்.

பார்க்க வந்ததும் ஏழே நாளுக்கு. மே முதல் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மாம்புரிக் கடல் கரைவலைக்கு ஆகாது. அப்போது யூட்டின் ஆட்கள் வலையையும் சட்டிபானையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு நாட்டின் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். அங்கே கிடுகால் வாடி என்ற தற்காலிகக் குடிசை அடித்து, நாலைந்து மாதம் தொழில் செய்து, ஒக்டோபரில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கும் நேரம் மாம்புரிக்குத் திரும்புவார்கள். இவர் கிழக்கிலிருந்து கொஞ்சம் முந்தி வந்து, இந்தப் பக்கத்து வலையைக் கடலில் இறக்குமுன் கிடைத்த இடைவெளியில்தான் விமானம் ஏறினார். மாதா கோவில் சுவாமியார் வந்து வலையை மந்திரித்து ஆசீர்வதிக்கும் நாளுக்கு அவர் கரையில் நிற்க வேண்டும்.

ஏழு நாளில் யப்பானைக் காட்டி ஓர் ஆம்பிளையின் மனதை மாற்றுவது எப்படி? நான் கொப்பி ஒன்றில் நாலு நிறப் பேனையால் அட்டவணை போட்டேன். ஆலயம், தேநீர்ச் சடங்கு, வெந்நீர் ஊற்று, பழைய தலைநகர், கிமோனோ உடுத்திப் படம். எந்த ரயில், எந்த மேடை, எத்தனை நிமிடம் நடை என்றுகூட எழுதினேன். கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழி அதைப் பார்த்துவிட்டு, “உன் கணவர் வருகிறாரா, மந்திரி வருகிறாரா?” என்று கேட்டாள். கடற்கரையை மட்டும் நான் அட்டவணையில் சேர்க்கவில்லை. கடலைக் காட்டவா ஒருவரைக் கடல் தாண்டி வரச் சொல்வது?

திங்கட்கிழமை வந்து இறங்கினார். மாமி கட்டிக் கொடுத்த கருவாட்டைக் கொழும்பு விமான நிலையத்திலேயே பறித்துவிட்டார்களாம். அந்தத் துக்கம் தீர முதல் நாள் போயிற்று. செவ்வாய்க்கிழமை தோக்கியோவில் ஒரு பெரிய ஆலயம். வாசலில் ஒரு மனிதரின் இடுப்பளவு தடிப்பில் வைக்கோல் கயிறு தொங்கும், பார்த்திருப்பீர்கள். நான் சூரியத் தேவதையிலிருந்து தொடங்கிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆள் கயிற்றுக்கு நேர் கீழே நின்று, கழுத்தை ஒடித்து மேலே பார்க்கிறார்.

“இது இடமுறுக்கு, டிலானி. நாம வலமுறுக்கெல்லா முறுக்குற. என்னத்துக்கு மாத்தி முறுக்கியிருக்காங்க? கேளன் ஒருக்கா.”

சாமி கும்பிட வந்தவர்களிடம் கயிற்றின் முறுக்கைப் பற்றி எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. பத்து நிமிடம் அவர் முகத்தில் இருந்த சந்தோசம் அதற்குப் பிறகு அன்று முழுவதும் வரவில்லை. ஆயிரம் வருடத்துக் கோயிலில் இந்த மனிதருக்குக் கயிறுதான் கண்ணில் பட்டது என்று எனக்குள் பொருமினேன்.

புதன்கிழமை தேநீர்ச் சடங்கு. முழங்காலை மடக்கி இருந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். யூட் பொறுமையாகவே இருந்தார். கோவிலில் முழந்தாளில் நின்று பழகிய கத்தோலிக்கக் கால்கள். கிமோனோ உடுத்திய வயதான ஆசிரியை கோப்பையை மெல்லத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். இவர் பச்சைத் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் மொழியால் ‘டொக் டொக்’ என்று தட்டினார். சந்தையில் சட்டி வாங்கும்போது ஓட்டை உடைசல் பார்க்க நம்மவர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கு உயிர் போயிற்று. அந்தக் கோப்பை ஆசிரியையின் குருவின் குருவுடையதாம். ஆனால் அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. களிமண்ணின் குரலை உங்கள் நாட்டிலும் கேட்பீர்களா என்று என்னிடம் கேட்டார். நானும் தலையைக் குனிந்து, ஆமாம், எங்களிடம் மிகப் பழைய வழக்கம் என்றேன். வெளியே வந்ததும் யூட் சொன்னார்: “நல்ல சட்டி. கீறல் இல்ல.”

வியாழக்கிழமை ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். உடம்பில் நூலும் இருக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். நான் தண்ணீரில் இறங்கிக் கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருக்காது, ஊழியப் பெண் ஒருத்தி குளிக்குமிடம் வரை வந்து மிக மிகத் தாழ்மையாக, உங்களுடைய வீட்டுக்காரர் துணியோடு நீருக்குள் இருக்கிறார், தயவுசெய்து, என்றாள். கிணற்றடியில் குளிக்கிற மாதிரி சாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்! மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தமிழில் கத்தினேன், அந்தப் பக்கத்திலிருந்து அவர் தமிழில் மறுத்தார், இரண்டு பக்கத்து யப்பானியரும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கழற்றினார். “கழட்டினதில ஒண்டுமில்ல” என்றார் வரும் வழியில். “ஒருத்தனும் நிமிந்து பாக்கயில்ல பாரு, அதுதான் வெக்கமாப் போயிட்டு.” நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் வந்தது. நாலு நாள் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் பார்க்கிறார், எல்லாவற்றுக்கும் “நல்லாத்தான் இருக்கு” என்கிறார். பெண் பார்க்கப் போன வீட்டில் பிடிக்காத பலகாரத்தைச் சாப்பிடுகிறவர் சொல்கிற ‘நல்லாத்தான் இருக்கு’.

வெள்ளிக்கிழமை பழைய தலைநகருக்குப் போய் ஒரு நாள் தங்குவதாக இருந்தது. விடியற்காலையில் தொடங்கிய மழை விடவே இல்லை. ரயிலை நிறுத்திவிட்டார்கள். அட்டவணையின் மிகப் பெரிய நாள், நான் சிவப்புப் பேனையால் எழுதியது, வீட்டுக்குள் பாணும் முட்டையும் சாப்பிட்டு முடிந்தது. யூட் கதிரையை யன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார். நான் கேட்கக் கூடாதென்று வைத்திருந்த கேள்வி பாத்திரம் கழுவும்போது வாயை விட்டு வந்துவிட்டது.

“இஞ்சாருங்க. இங்க இருக்கலாம் எண்டு தோணுதா இல்லையா?”

அவர் மழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “ஊர் நல்ல ஊர்தான், டிலானி. ஆனா காலையில எழும்பி நான் எங்க போற? நீ வேலைக்குப் போயிருவ. நான் இந்தக் கதிரையில இருந்து ரோட்டப் பாக்கிறதா?”

  நாலு நிறப் பேனையால் போட்ட அட்டவணையில் காலையில் எழும்பி அவர் எங்கே போவார் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. பார்க்கிறவருக்காகத்தான் நான் எல்லாம் எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை வானம் கழுவிவிட்டதுபோல் வெளுத்தது. போக இடமில்லாமல், சரி, கடலையாவது பார்ப்போம் என்று நடந்தோம். கரையில் நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் ஒரே மஞ்சள் நிற ரீசேட்டில், இரண்டு வரிசையாகக் கயிறு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜிபிகி அமி. நம்முடைய கரைவலையேதான், கடலில் அரைவட்டமாக வலையை விட்டு இரண்டு முனையையும் கரைக்கு இழுப்பது. இங்கே அதை விருந்தினருக்கான விளையாட்டாகவும் நடத்துகிறார்கள். ஒரு கம்பனி தன் ஊழியர்களை முன்பதிவு செய்து அழைத்து வரும். பெரும்பங்கை இயந்திரம் இழுத்துவிடும். கடைசிக் கொஞ்சத்தை இவர்கள் சிரித்துச் சிரித்து இழுத்து, படம் எடுத்து, ஆளுக்கொரு பை மீனோடு வீட்டுக்குப் போவார்கள். இதையெல்லாம் நான் யூட்டுக்கு விளக்கத் தொடங்கினேன். பக்கத்தில் ஆள் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மாம்புரியில் கரைவலை இழுபடும்போது கயிற்றில் கை வைத்தவருக்கு மீன் உண்டு. அவர் யாராகவும் இருக்கலாம். வழியால் போன வாத்தியாராக இருக்கலாம், மதுரங்குளியிலிருந்து துணி விற்க வந்த முஸ்லிம் நானாவாக இருக்கலாம். யாரும் கூப்பிடத் தேவையில்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை. கையை வைத்தால் நீ வலைக்காரன். வலை கரையேறியதும் சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர், உன் பையிலும் அள்ளிப் போடுவார். கயிறு இழுபடும் இடத்தில் கை கட்டிக்கொண்டு நிற்பதுதான் எங்கள் ஆட்களுக்கு மரியாதைக்கேடு. பெண்கள் மட்டும் கயிறு பிடிப்பதில்லை. அது பாவம் என்று யாரும் சொன்னதில்லை, வழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். நாங்கள் மேலே நிழலில் கூடையோடு நிற்போம். மீன் வந்தபின் எங்கள் வேலை தொடங்கும்.

யூட் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இடப்பக்கத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் ரீசேட்டுகளுக்கு நடுவில் ஒரு நீலச் சேர்ட். ஓடிப்போய், “என்ன செய்றீங்க? இது பதிவு செஞ்ச ஆக்களுக்கு!” என்றேன்.

“அந்தப் பக்கம் இருவத்தஞ்சு பேரு, இந்தப் பக்கம் பதினெட்டு. வலை சரிஞ்சு வருது, உனக்குத் தெரியல்லையா? மீனெல்லாம் அந்தக் கையால ஓடிரும்!”

எனக்குத் தெரியவில்லை. பெயர்ப் பட்டியல் வைத்திருந்த இளம் பெண் ஒருத்தி எங்களை நோக்கி வந்தாள். “ஆனோ... சொத்தோ...” என்று இழுத்தாள். யப்பானியர் வாக்கியத்தை முடிக்காமல் இப்படி இழுத்தால் அது முழு வாக்கியத்திலும் பெரிய ‘இல்லை’. நான் இடுப்பை முறித்து “சுமிமாசென், சுமிமாசென்” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். யூட்டோ அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்து, தனக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டி, வந்து பிடி என்று தலையசைத்தார். அவரைப் பொறுத்தவரை ஒரு பிள்ளை கயிறு பிடிக்கக் கேட்டு வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் வலைச் சொந்தக்காரர், இந்தக் கரையின் சம்மாட்டி, இறப்பர்ச் சப்பாத்துப் போட்ட கறுத்த மனிதர், நடந்து வந்தார். அவர் யூட்டின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். குதிகால் மணலில் கணுக்கால் மட்டும் புதைந்திருந்தது. பிறகு கடலில் மிதப்புகள் வரும் சாய்வைப் பார்த்தார். பட்டியல் பெண்ணிடம், விடு, என்று ஒரே வார்த்தை. எதிர்ப்பக்கத்திலிருந்து நாலு பேரைக் கையசைத்து இந்தப் பக்கம் அனுப்பினார். யூட் அதைக் கண்டார். என் கணவரின் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கைவசம் இருந்த தாளத்தில் அம்பா பாடத் தொடங்கினார். வலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் இழுவையோடு ஏற்றுச் சொல்வார்களே, அது. அடிகளை அந்த இடத்திலேயே கட்டுவார்கள்.

“தலையில்லா மீனு விக்கிற ஊரு, ஏலேலோ!”

மஞ்சள் ரீசேட்டுகள் ஒரு கணம் திகைத்தார்கள். ஆனால் இழுவைக்குப் பாஷை தேவையில்லையே. “யோய்ஷோ!” என்று ஒரே குரலில் இழுத்தார்கள்.

“சாரத்தக் கழட்டிக் குளிக்கிற ஊரு, ஏலேலோ!”

“யோய்ஷோ!”

“தேத்தண்ணிக்கு முழந்தாள் போடுற ஊரு, ஏலேலோ!”

நாலு நாளும் அவர் வாய் திறந்து சொல்லாத விமர்சனம் முழுவதும் பாட்டில் வந்தது. அது தெரியாமல் நாற்பது யப்பானியர் உற்சாகமாக ஆமோதித்தார்கள். நான் மணலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “சிரிச்சது போதும். வா, கைய வை.”

“நானா?”

“அங்க பாரு, எல்லாப் பொம்பிளையும் பிடிக்கிறாங்க. இங்க உனக்கென்ன?”

உண்மைதான். பாதிப் பேர் பெண்கள். நான் மீன்காரர் வீட்டில் பிறந்தவள், மீன்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். கடலே கதி என்று வளர்ந்தவள். மாம்புரிக் கரையில் இருபத்தெட்டு வருடம் நின்று பார்த்த கயிற்றை யப்பானில் முதன்முதலாகத் தொட்டேன். ஈரக் கயிறு அவ்வளவு பாரமாக இருக்கும், அவ்வளவு உயிரோடு இழுக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. முன்னால் என் கணவரின் முதுகு. உள்ளங்கை எரிந்தது. எனக்கு அழுகை வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

மீன் சேரும் வலை மடி கரையேறியது. சாளை, முரல், இரண்டு சின்னத் திருக்கை, நிறையச் சொறி என்ற இழுதுமீன். எல்லாம் தலையோடு. பட்டியல் பெண் பெயர் வாசிக்க, மஞ்சள் ரீசேட்டுகள் ஒவ்வொருவராகப் பை வாங்கினார்கள். எங்கள் பெயர் எப்படி இருக்கும்? நான் யூட்டின் கையைப் பிடித்து இழுத்தேன், அவர் அசையவில்லை. கயிறு பிடித்தவன் மீன் வாங்காமல் போனால் வலைக்காரருக்கல்லவா குறை! கடைசியில் சம்மாட்டி வந்தார். விருந்தினரின் பெட்டியை அவர் தொடவில்லை. தன்னுடைய வேலையாட்களுக்கென்று தனியே வைத்திருந்த வாளியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி யூட்டின் பையில் போட்டார். “ஒத்சுகரேசாமா” என்றார். வேலை முடிந்ததும் கூட வேலை செய்தவருக்குச் சொல்லும் வார்த்தை அது. எனக்கு இல்லத்தில் தினமும் கிடைக்கும் வார்த்தை, அவருக்கு யப்பானில் முதல் தடவை. பிறகு என்னைப் பார்த்து, “மே மாதத்தில் மறுபடி வலை தொடங்கும். அப்போது இந்தப் பக்கம் இருந்தால் எட்டிப் பார்க்கச் சொல்” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். “உங்களப் போல ஆள் இல்லாம சரியான கஷ்டமாம். மே மாசம் நீங்க கட்டாயம் வரணுமாம். உங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பாராம்.”

யூட் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து, பையிலிருந்த மீனில் பாதியை எண்ணாமல் அள்ளி வேறொரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

“என்ன இது? எல்லாம் வீட்டுக்குத்தானே போகுது.”

“உன்ட பங்கு. கயிறு பிடிச்ச நீதானே.”

என் வாழ்க்கையில் எவ்வளவோ மீன் வாங்கியிருக்கிறேன். இன்னாருடைய மகளுக்கு என்று கொடுத்ததை வாங்கினேன், இன்னாருடைய பெண்சாதிக்கு என்று கொடுத்ததை வாங்கினேன். என் பேரில் ஒரு பை அன்றுதான் வந்தது. இரண்டு பையையும் தனித்தனியாகவே தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பின்னேரம் சாளையைத் தலையோடு புளி விட்டுக் காய்ச்சினேன். யூட் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லவில்லை. கதைக்க நேரம் இருக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார்.

“மே மாசம் எண்டுதானே சொன்னாரு? அங்க கச்சான் எழும்புற நேரம். நாம கிழக்க வாடி போடப் போற நேரம். இங்க எப்ப முடியும்?”

“ஒக்டோபர்.”

“அங்க வாடை தொடங்கிற நேரம்.” நாட்காட்டியை விட்டார். “அப்ப சரி. கச்சானுக்கு இங்க, வாடைக்கு அங்க. கிழக்க போறதுக்குப் பதிலா இங்க வாறன். கொஞ்சம் தூரமான வாடி.”

 நான் மூன்றரை வருடம் படித்து, உலகத்தின் மறு மூலை, புது வாழ்க்கை, புலப்பெயர்வு என்று பெரிய பெரிய சொற்களால் நினைத்துக்கொண்டிருந்ததை, இந்த மனிதர் காற்றுக்கு வாடி மாற்றுகிற காரியமாக முடித்துவிட்டார். அவருடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் செய்ததுதான். விமானச் சீட்டு மட்டும் புதிது. ஆறு மாதம் என் கணவர் என்னோடு. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், பிறகு ஒரு குற்ற உணர்ச்சியில் உண்மையைச் சொன்னேன். “அந்தாள் அப்பிடிச் சொல்லயில்ல. சும்மா எட்டிப் பாக்கச் சொல்லு எண்டுதான் சொன்னாரு.”

“தெரியும். நீ சொன்ன நீளத்துக்கு அந்தாள் வாய் அசையயில்லையே.” அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, மிக இயல்பாக, நாளைக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்கிற குரலில் கேட்டார். “நான் சொல்லிட்டன். இனி நீ சொல்லு. கச்சானுக்கு இங்க. சரி. வாடைக்கு நீ எங்க?”

ஆறு நாளாக அவருடைய பதிலுக்காகவே காத்திருந்ததில் என்னிடம் கேட்கவும் ஒரு கேள்வி இருக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் அவரை வழியனுப்பும்வரைக்கும் பதில் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. “யோசிச்சுச் சொல்லு” என்றார். உள்ளே போகுமுன் என் வலக் கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு போன வழியில் இரண்டு கொப்புளம். “நல்லாத்தான் பிடிச்சிருக்க” என்றார்.

திங்கட்கிழமை வேலை. ஹாருசானைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கையுறையைக் கழற்றிவிட்டுத் தலை வாரினேன். அவர் கையை உயர்த்தி என் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பி, கொப்புளத்தை விரல் நுனியால் தடவி, வெகுநேரம் பார்த்தார். நான் வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். நாக்கின் நுனியில் நாட்டின் பெயர் ஆயத்தமாக இருந்தது. அவர் கேட்கவில்லை.

“மீன் பட்டதா?” என்றார்.

“சாளை பட்டது.”

தலையாட்டினார். செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. புதனும் இல்லை. என் கையைத் தேடி எடுப்பார், தடவுவார், தன்னுடைய கரைக்காரி ஒருத்தியிடம் கதைக்கிற மாதிரி மீனைப் பற்றியும் கடலைப் பற்றியும் கதைப்பார். மூன்று வருடம் தினமும் அந்நியளாக இருந்தவள் இரண்டு கொப்புளத்தால் அந்த ஊர்க்காரியானேன். அதில் எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் வெட்கம், கொப்புளம் ஆறிவிடக் கூடாதே என்றுகூட நினைத்தேன்.

ஆறிவிட்டது. தோல் உரிந்து, அடியிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்து, பிறகு அதுவும் பழையபடி ஆனது. ஒக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை, வேலைக்குப் புறப்படும்போது தொலைபேசியில் யூட்டின் குரல் வந்து கிடந்தது. பின்னால் கடல் இரைகிறது, யாரோ ஏலேலோ போடுகிறார்கள். “டிலானி, வாடை எழும்பிட்டு” என்றார். வாடைக்கு நீ எங்கே என்ற கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அன்று ஹாருசான் என் கையைப் பிடித்தார், திருப்பினார், தடவினார். அங்கே ஒன்றும் இல்லை. என் முகத்தைப் புதிதாகப் பார்த்தார்.

“நீ எந்தக் கடற்கரை?”

மூன்று வருடமாகச் சொல்லி வந்த ஒரே பதில் அன்று போதவில்லை; யூட்டின் கணக்கில் கரை காற்றுக்கு மாறும். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்.

“இன்றைக்கு என்ன காற்று, ஹாருசான்?”

அவர் யன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.